நானூறு அடி கீழே

காலை ஐந்து மணி நாற்பது. கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு நெல் சாக்கு. தரையிலிருந்து நாலடி உயரத்தில் அது வடக்கு நோக்கித் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. முந்தின நாள் திரும்பாத ஒரு கட்டுமரம் கரைக்கு வந்துவிட்டதாகத் தகவல் கிடைத்து, அதை விசாரிக்க நான் அங்கே போயிருந்தேன். கட்டுமரத்தை மறந்து சாக்கைப் பார்த்தேன். அதற்குக் கீழே ஏற்றிச் செருகிய புடவை. புடவைக்குக் கீழே கறுப்பு ராணுவ பூட்ஸ்.

மீன் கூடைகளோடு காத்திருந்த பெண்களுக்கு அது பழகிப்போன காட்சி.

"ஏ டைப்பு அக்கா! நெல்லு விக்க வந்தியா? இங்கெல்லாம் மீனுதான் போணியாவும்."

"விக்க இல்லடி. சுமக்க."

"சுமக்கணும்னா எங்க கூடையச் சுமயேன், கூலியாச்சும் தர்றோம்."

"மீனு கனம் பத்தாது. நாளைக்கு உன்னையே முதுவுல ஏத்திக்கிறேன், வர்றியா?"

கூடைக்காரப் பெண்ணுக்கு நல்ல உடம்பு. மற்றவர்கள் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சாக்கு அதற்குள் முப்பது கஜம் தாண்டிப் போய்விட்டது.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஒரு நாளிதழுக்குக் காரைக்கால் நிருபர். கட்டுமரச் செய்தி நாலு வரி வந்தது. சாக்கைப் பற்றி அன்று எதுவும் எழுதவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன்.

அலை நனைத்த மணலில் நடப்பது எளிது. சாக்கைச் சுமந்தவர் அதற்கு மேலே, கணுக்கால் புதையும் காய்ந்த மணலில் நடந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அது சும்மா நடக்குறது சார். இதுதான் ஏறுறது."

காரைக்காலில் ஏறுவதற்கு வேறு எதுவும் கிடையாது. கிளிஞ்சல்மேடு என்ற பெயரில் ஒரு மேடு இருக்கிறது. நிலத்தில் அது ஆளுயரம்கூட இல்லை. சாக்கில் பதினைந்து கிலோ நெல். பூட்ஸ், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தாவுடையது. அவருடைய வீட்டுப் பரணில் கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தார். இரண்டு அளவு பெரிது. விரல் பக்கம் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்.

"உங்க பேப்பர்தான் சார். கெட்டியா நிக்குது."

இவ்வளவுக்கும் காரணம், சென்னையில் ஒரு மலையேற்றச் சங்கம் கொடுத்திருந்த விளம்பரம். கார்வால் பக்கத்தில் பத்தொன்பதாயிரம் அடிக்கு மேற்பட்ட ஒரு பனிமலை. வழிகாட்டியோடு பதினோரு நாள் ஏற்றம். வேலையில் இருப்பவர்கள், முன்பின் ஏறிப் பழக்கமில்லாதவர்களும் சேரலாம். அதைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்தார். மடிப்பு கிழிந்து பின்னால் தாள் ஒட்டியிருந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. செய்தியில் போட அன்றைக்கு அனுமதி தந்தார். இதற்கு நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன கேட்பார் என்று தெரியும்.

"காரணம் சொல்லுங்க."

அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இந்த இரண்டு சொற்கள் தெரியும். குரலை உயர்த்த மாட்டார். முகத்தில் கோபமும் இருக்காது. கடையில் நிறுத்து வாங்கும்போது தராசைப் பார்ப்பதுபோல எதிராளியின் வாயைப் பார்ப்பார். காரணம் வந்தால் கேட்டுக்கொள்வார். வராவிட்டால், தான் நினைத்ததைச் செய்துவிடுவார். ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முப்பத்தொரு வயது. போலகத்தில் நெல் விவசாயக் குடும்பம். அங்கிருந்து காரைக்காலுக்குத் தினமும் சைக்கிளில் வருவார். சைக்கிள் ஆண்கள் ஓட்டும் வகை, குறுக்குக் கம்பி வைத்தது. அதற்கும் யாரோ ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வகைதான் வீட்டில் இருந்தது என்று பதில் சொன்னாராம்.

பேட்டிக்காகப் போலகம் போனபோது அவருடைய அப்பா நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். மகளைப் பற்றிக் கேட்டதும் கையைக் கழுவாமலே வந்துவிட்டார்.

"எழுதிக்கங்க தம்பி. பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல எடம். பையனுக்குக் கூட்டுறவுல வேலை. எல்லாம் முடியுற நேரத்துல பையனோட அப்பா சொன்னாரு, கல்யாணத்துக்கு அப்பறம் இந்தச் சைக்கிளு வேணாம்னு. அவ்வளவுதான் சொன்னாரு, பாவம்."

"அப்பறம்?"

"உள்ளேருந்து வந்துட்டா. காரணம் சொல்லுங்க மாமாங்கறா. அவரு, வேணாம்னா வேணாம்மாங்கறாரு. இவ என்ன சொன்னா தெரியுமா? அது காரணம் இல்லீங்க, அது சத்தம். வந்தவங்க பஜ்ஜிய அப்புடியே வச்சுட்டுப் போயிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னாத்தச் சொல்றது? பஜ்ஜியத் தின்னேன்."

அவர் இதைக் குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. குறிப்பேட்டில் இரண்டுக்கும் பொதுவாகக் குறித்துக்கொண்டேன்.

விடுப்பு விண்ணப்ப விவகாரம் அலுவலகம் முழுக்கத் தெரிந்த கதை. மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள், மூன்றும் ஒத்துப்போயின. அந்த அலுவலகத்தில் விடுப்புக்கு நான்கு காரணங்கள்தான் வழக்கம்: உடம்பு, கல்யாணம், காரியம், வேண்டுதல். இவர் நீண்ட விடுப்புக்கு எழுதியது இரண்டே சொல். "மலை ஏற."

கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, மலை ஏறவா? எந்தச் சாமிக்கு?"

"சாமி இல்ல சார். வெறும் மலை."

"வேண்டுதல்னு எழுதிக் குடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"வேண்டுதல் இல்லையே சார்."

"அப்ப உடம்பு சரியில்லன்னு எழுதேன்."

"உடம்பு சரியா இருக்கறதாலதான் சார் போறேன்."

"இப்படியெல்லாம் லீவு குடுக்க முடியாதும்மா."

"சரிங்க சார். முடியாததுக்கு என்ன காரணம்னு அதுலயே எழுதிக் குடுத்துடுங்க."

எழுதினால் அது தஸ்தாவேஜு ஆகிவிடும். கண்காணிப்பாளர் கோப்பை ஒன்பது நாள் வைத்திருந்தார். பத்தாம் நாள் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மலை என்று எங்கும் எழுதவில்லை.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில், டீக்கடையில், "என்ன, இமயமலை எப்ப?" என்று கேட்பார்கள். "பத்தொன்பதாயிரம் அடி மேல. நீங்க எத்தன அடியில இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் கடல் மட்டத்தில் இருந்தார். எல்லோரும் அங்கேதான் இருந்தோம். உச்சிக்குப் போய்விட்டுத்தான் வருவேன் என்று அவர் யாரிடமும் சவால் விடவில்லை. ஆனால் போகாமல் திரும்பினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள், கண்காணிப்பாளர், டீக்கடை எல்லோருக்கும் அது போதுமான காரணமாகிவிடும்.

ஆசிரியரிடம் சொன்னேன். "நீயும் கூடப் போய் விலாவாரியா எழுதுய்யா" என்றார். நான் ஒரு நாள்கூட மணலில் நடந்து பழகவில்லை.

*

மே மாதக் கடைசியில் பஸ் நிற்கும் கடைசி ஊரிலிருந்து நடந்தோம். நாங்கள் ஆறு பேர், சங்கத்துச் செயலாளர், சுமைகாரர்கள், வழிகாட்டி. வழிகாட்டி அந்த மலைக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பல வருடம் முன்பு ராணுவச் சமையலறையில் தமிழ்ச் சிப்பாய்களுக்குச் சமைத்தவர். அதனால் அவருக்கு ஒரு முப்பது தமிழ்ச் சொற்கள் தெரியும். சோறு, தண்ணி, உப்பு, கொஞ்சம், இன்னும், போதும். மலையில் எங்களை நடத்தியது பெரும்பாலும் இந்தச் சொற்களை வைத்துத்தான். நடக்க "இன்னும்." நிற்க "போதும்." டைப்பிஸ்டை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டார். அவர் இவரை அண்ணே என்றார். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரிக்கவில்லை.

டைப்பிஸ்ட் தன் சுமையை யாரையும் தூக்க விடவில்லை. சுமைகாரர் ஒருவர் பையை வாங்கக் கை நீட்டியபோது, கையில் ஒரு வெல்லக் கட்டியை வைத்தார். மறுபடி நீட்டியபோது இன்னொரு கட்டி.

நாலாம் நாள் இரண்டாவது முகாமுக்குப் போகும் வழியில் ஒரு கல் முகடு வந்தது. மேல்பகுதி ஒரு அடி அகலம். இரண்டு பக்கமும் சரளைச் சரிவு, கீழே பனியாறு. சென்னையிலிருந்து வந்த ஒரு வங்கி ஊழியர் அதன்மேல் குதிரையில் உட்காருவதுபோல உட்கார்ந்து நகர்ந்தார். நான் கைகளை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் போனேன். டைப்பிஸ்ட் முதுகில் பையோடு, முகத்தை நிமிர்த்தி, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நடந்து அக்கரையில் நின்றார். மொத்தம் நான்கு நிமிடம். எனக்கு இருபத்தாறு.

வழிகாட்டி அவருடைய கால்களையே பார்த்தார். "அக்கா, எந்த ஊர்?"

"வரப்பு அண்ணே" என்றார் இவர். அது ஊரின் பெயர் என்று வழிகாட்டி எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். பத்து வயதிலிருந்து, மழை நாளில், தலையில் நாற்றுக்கட்டோடு வழுக்கும் வரப்பில் வெறுங்காலோடு நடந்தவர் என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அன்றிலிருந்து கயிற்றில் தனக்கு அடுத்த இடத்தை அவருக்குக் கொடுத்தார் வழிகாட்டி.

ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கம் அவரை ஒரு விஷயத்தில் ஏமாற்றியது. டெல்டாவில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நடந்து போய்விடலாம். போலகத்து வயலில் நின்றால் பட்டினத்துக் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கோபுரத்தடியில் நிற்பீர்கள். நடுவில் நிலம் எதையும் ஒளித்து வைப்பதில்லை. மூன்றாவது முகாமிலிருந்து உச்சி தெரிந்தபோது அவர் கையை நீட்டினார்.

"அந்தா இருக்கு. தெரியுற எடத்துக்கு என்ன சார், ரெண்டு மணி நேரம்."

எட்டு மணி நேரம் என்றார் வழிகாட்டி, விரல்களால். இவர் நம்பவில்லை. மறுநாள் பழக்கத்துக்காகக் கொஞ்ச தூரம் ஏறி இறங்கினோம். உச்சி என்று நினைத்த இடத்தில் ஏறி நின்றால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதன் மேல் நின்றால் இன்னொன்று.

"இது மலை இல்லீங்க. பொய்" என்றார். கோபம் வந்தால் மூச்சு வாங்குவது குறைந்துவிடும் அவருக்கு. அன்று எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

தலைவலியும் வாந்தியுமாக நான்கு பேர் மூன்றாவது முகாமிலேயே நின்றுவிட்டார்கள். செயலாளர் அவர்களோடு இருந்தார். கடைசி நாள் ஏறியவர்கள் மூன்று பேர்: வழிகாட்டி, அவர், நான். ஒரே கயிறு. இரவு ஒரு மணிக்குக் கிளம்பினோம். நாங்கள் உச்சியில் இருக்க வேண்டிய நேரம் காலை ஒன்பது.

அன்று நான் ஏழு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் கயிறு நின்றது. வழிகாட்டி "இன்னும்" என்பார். டைப்பிஸ்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு உச்சியைப் பார்த்தபடி நிற்பார்.

பதினொன்று பத்துக்கு வழிகாட்டி நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பனியைப் பார்த்தார்.

"போதும்" என்றார்.

உச்சி எதிரே இருந்தது. இந்த முறை பொய் இல்லை. அதற்குப் பின்னால் வானம்தான். நானூறு அடி என்று முதல் நாள் படத்தில் காட்டியிருந்த கடைசிச் சரிவு. அதில் ஒரு சிறு பாறையும் அதன் நிழலும் தெளிவாகத் தெரிந்தன.

டைப்பிஸ்ட் தன் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றினார். நகரவில்லை. கயிறு விறைத்தது.

"காரணம் சொல்லுங்க அண்ணே."

வழிகாட்டிக்கு அந்தச் சொல் தெரியாது. "அக்கா, போதும்."

"போதும் போதும்னா? எலையில சோறா போடறாங்க இங்க? அந்தா இருக்கு. எந்த எடத்துல கால் வக்கணும்னுகூட எனக்குத் தெரியுது. ஏன் போகக் கூடாது? சார், நீங்க கேளுங்க."

ஏன் என்று கேட்கிறார் என்று நான் இந்தியில் சொன்னேன். எனக்கு மூச்சில்லாததால் அதுவே இரண்டு தவணையாக வந்தது. வழிகாட்டி அவரைப் பார்த்தார். அந்தத் தொழிலில் வழிகாட்டியின் சொல்தான் முடிவு. முகாமில் அதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவர் கயிற்றை இழுத்துத் திருப்பிக் கூட்டிப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. என்னை உட்காரச் சொல்லி, என்னைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, அவரை மட்டும் இடது பக்கம் பத்து அடி கூட்டிப் போனார்.

அங்கே பனி மற்ற இடம் போலவே வெள்ளையாக, மட்டமாக இருந்தது. வழிகாட்டி தன் கோடரியைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பை அதில் வைத்தார். அழுத்தவில்லை. காம்பு முழுவதும் உள்ளே போனது. வெளியே எடுத்தார். துளைக்குள் நீலம், அதற்குக் கீழே கறுப்பு. குனிந்து பார்க்கச் சொன்னார்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் கோடரியால் தானே இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே போனது. மூன்றாவது இடம், உச்சிக்குப் போகும் திசையில். அங்கேயும் போனது.

"உளை" என்றார்.

என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எங்க வயக்கோடியில ஒரு எடம் இருக்கு சார். மேல காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். காலை வச்சா இடுப்பு. எங்க ஜோடி மாட்டுல ஒண்ணு அதுல எறங்கிடுச்சு. ஏழு பேரு கயிறு போட்டு இழுத்தோம். வரல."

பிறகு வழிகாட்டியிடம், "காலையில வந்திருந்தா?" என்று கேட்டார். இதற்கு என் உதவி தேவைப்படவில்லை. வழிகாட்டி ஒன்பது விரல்களைக் காட்டி, பூட்ஸால் ஓங்கித் தரையை மிதித்துக் காட்டினார். ஒன்பது மணிக்குக் கல் மாதிரி இருந்திருக்கும்.

டைப்பிஸ்ட் என்னைப் பார்த்தார். ஒரு முறை. மூன்று விநாடி இருக்கும்.

"சரி அண்ணே. எறங்கலாம்."

இறங்கும்போது வழிகாட்டி கடைசியில் வந்தார். இவர் முன்னால் நடந்தார். இரண்டு மணி நேரம் இறங்கினோம். முகாம் தெரிந்த இடத்தில் அவர் நின்று வழிகாட்டியிடம் சொன்னார்: "முப்பத்தோரு வயசுல நான் கேட்டு, ஒரு ஆம்பள காரணம் காட்டினது இதான் அண்ணே மொத தடவ." வழிகாட்டிக்குப் புரிந்த சொற்கள் அதில் இரண்டோ மூன்றோ இருக்கும். அவர் தன் பையிலிருந்து வெல்லம் எடுத்துக் கொடுத்தார். வழியில் இவர் கொடுத்திருந்த வெல்லம்தான்.

*

பஸ் நிற்கும் ஊரில் தபாலாபீஸ் இருந்தது. "அனைவரும் நலமாகத் திரும்பினோம். செய்தி தபாலில்" என்று தந்தி அனுப்பினேன். தபால் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். மலை ஏறப் போனவர்கள் நலமாகத் திரும்பினால் ஏறிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்று செய்திப் பிரிவில் முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் ரயிலில் இருந்தபோது "பனிச் சிகரம் தொட்டார் காரைக்கால் பெண்" என்று மூன்று பத்தித் தலைப்பு வந்துவிட்டது.

அதே ரயிலில் செயலாளர் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார். ஆங்கிலத்தில், புறப்படும் முன்பே அச்சடித்தது. பெயர் மட்டும் மையில். உச்சியை அடைந்தார் என்று அதில் இருந்தது.

"நாங்க அடையலையே சார்?"

"எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தாம்மா. ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க."

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் அவர் செய்த முதல் வேலை, அந்தச் சான்றிதழை டைப்ரைட்டரில் செருகியது. உச்சியை என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் மேல் வரிசையாக எக்ஸ் அடித்தார். அதற்கு மேலே "நானூறு அடி கீழே வரை" என்று ஆங்கிலத்தில் அடித்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பக்கத்து மேசைக்காரர், "இது யாருக்கும்மா தெரியப்போவுது?" என்று கேட்டாராம். "எனக்குத் தெரியும்ல" என்றாராம்.

அன்று மாலை என்னைத் தேடி வந்தார். கையில் அந்தத் தலைப்பு வந்த தாள்.

"திருத்தம் போடுங்க சார்."

நான் ஆசிரியரை டிரங்க் காலில் பிடித்தேன். கத்தினால்தான் கேட்கும். ஊரே சந்தோஷமாக இருக்கிறது, நீ ஏனய்யா கெடுக்கிறாய் என்றார். திரும்பி வந்து அதைச் சொன்னேன்.

"ஊரு சந்தோஷமா இருக்குன்னா? அது காரணம் இல்ல சார், சத்தம். விடுங்க. உங்க பேப்பரு பூட்ஸுக்குள்ளதான் சரி."

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மன்றம் ஏற்பாடு செய்திருந்தது. போலகத்திலிருந்து இரண்டு மாட்டு வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கிளிஞ்சல்மேட்டுக் கூடைக்காரப் பெண் முன்வரிசையில் இருந்தார். பூட்ஸ் கொடுத்த சொல்தா, கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். கண்காணிப்பாளர் மேடையில். மன்றத் தலைவர் இருபது நிமிடம் பேசி, பொன்னாடையை விரித்துக்கொண்டு எழுந்தார். இவர் அதற்கு முன்னால் மைக்குக்குப் போய்விட்டார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் உச்சிக்குப் போகல. நானூறு அடி கீழ நின்னுட்டுத் திரும்பிட்டேன். பேப்பர்ல வந்தது தப்பு. இந்தப் பொன்னாட உச்சிக்குன்னா எனக்கு வேணாம். நடந்ததுக்குன்னா போடுங்க. எதுக்குன்னு மைக்குல சொல்லிட்டுப் போடுங்க."

தலைவர் விரித்த பொன்னாடையோடு நின்றார். பிறகு மைக்கை விட்டுத் தள்ளி, "சும்மா வாங்கிக்கம்மா, எல்லாரும் பாக்கறாங்கள்ல" என்றார். மைக் அதையும் வாங்கிப் பரப்பியது.

அவர் பொன்னாடையை வாங்கினார். நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அதான பாத்தேன்" என்று ஒரு குரல். கூடைக்காரப் பெண் எழுந்து திரும்பினார்.

"யாருடா அவன்? பதினஞ்சு கிலோ சாக்கு அக்கா வீட்டுல இருக்கு. நாளைக்குக் காலையில வந்து கரையில நடந்து காட்டு. நான் கூடையோட நிக்கிறேன்."

அந்த நபர் மறுநாள் வரவில்லை. கூடைக்காரப் பெண் ஏழு மணி வரை நின்றார். சாக்கு வழக்கம்போல ஐந்து நாற்பதுக்கு வந்தது.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் ஒரு மெமோ எழுதினார். விடுப்பு கோரிய நோக்கம் நிறைவேறாததற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தப் பிரிவில் ஆங்கிலம் அடிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். கண்காணிப்பாளரின் கையெழுத்துப் பிரதி இவரிடமே வந்தது. தனக்கு வந்த மெமோவைத் தானே அடித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்து, பெற்றுக்கொண்டேன் என்று தானும் கையெழுத்திட்டார்.

"காரணம் கேட்டுட்டாரு சார்" என்றார் என்னிடம். கடையில் பழைய பாக்கியைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல இருந்தது முகம்.

பதில் அன்றைக்கே போய்விட்டது. நகலைப் பார்த்தேன். "பதினோரு மணிக்கு மேல் பனி இளகிவிட்டது. வழிகாட்டி அதைக் காட்டினார். திரும்பினேன்." அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு உச்சியில் இருக்க வேண்டியவர்கள் பதினோரு மணிக்கும் ஏன் கீழே இருந்தார்கள் என்பது அதில் இல்லை. கடற்கரையிலோ அலுவலகத்திலோ டீக்கடையிலோ, யார் எவ்வளவு கிண்டல் செய்தபோதும் அவர் அதைச் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை. எல்லோரிடமும் காரணம் கேட்டவர் அந்த ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். என் கட்டுரையில் நானும் அதை எழுதவில்லை. நானூறு அடி கீழே திரும்பியதைப் பற்றி எழுதியிருந்த பத்தியை ஆசிரியர் வெட்டிவிட்டார். அச்சில் வந்தது இயற்கைக் காட்சி மட்டும்.

அடுத்த வருடம் சித்திரையில் விண்ணப்பம் போட்டார். காரணம் என்ற இடத்தில் "மீதி மலை ஏற." கண்காணிப்பாளர் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. இந்த முறை இரண்டே நாளில் கையெழுத்தானது.

நானும் வருவதாகச் சொன்னேன்.

"இல்ல சார். நீங்க வர வேணாம்."

"காரணம்?" என்று கேட்டேன். அந்தச் சொல்லால் அவரிடம் நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஏழு வாட்டி ஒக்காந்தீங்க."

சொல்லிவிட்டு, சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதமே எனக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. எண்பதுகளின் நடுவில் ஒரு புயல் சேதச் செய்திக்காகக் காரைக்கால் வந்தேன். அந்த அலுவலகத்தில் புள்ளிவிவரம் வாங்க வேண்டியிருந்தது. பகல் ஒரு மணி. அவர் சாப்பிடப் போயிருந்தார். டைப்ரைட்டருக்கு உறை போட்டிருந்தது. அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. ஒரே சங்கம், ஒரே அச்சு, ஒரே மலை. இரண்டாவதில் எந்தச் சொல்லின் மேலும் எக்ஸ் இல்லை.